பாடசாலை நூலகத்தில் தேடக் கற்பித்தல்: பெற்றோர் எங்கே நிற்பது?

வெள்ளவத்தைப் பக்கத்துப் பாடசாலையொன்றின் அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் தாயார் ஒருவர் கேட்டிருப்பது இது: “எங்கள் பாடசாலை நூலகத்தைத் திருத்துவதற்குச் சிறிது பணம் சேர்ந்திருக்கிறது. கணினி வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் நூலகத்துக்குப் போவதே இல்லையே, எதற்கு வீண்செலவு என்று வேறு சிலர் கேட்கிறார்கள். தரம் 7 இல் படிக்கும் என் மகளுக்கு ஒப்படை வந்தால் தேடி எழுதுவது பெரும்பாலும் நான்தான். தகவல் தேடும் திறனை நூலகத்தின் ஊடாக உண்மையிலேயே கற்பிக்க முடியுமா? வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்க்கும் எங்களைப் போன்ற பெற்றோர் அதில் என்ன செய்யலாம்?”

முடியும். கொழும்பில் தமிழ்மொழிமூல வகுப்புகள் உள்ள பாடசாலைகளில் ஆசிரிய நூலகராக நெடுங்காலம் பணியாற்றிய அனுபவத்தை வைத்துக்கொண்டே இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கற்பித்தல் கணினியிலிருந்தோ புதிய அலுமாரியிலிருந்தோ தொடங்குவதில்லை. ஆசிரியர் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் ஒப்படையிலிருந்தே தொடங்குகிறது. அந்த ஒப்படை வீட்டுக்கு வந்ததும் யாருடைய கைக்குப் போகிறது என்பதில்தான் மற்றதெல்லாம் தங்கியிருக்கிறது. “தேடி எழுதுவது பெரும்பாலும் நான்தான்” என்று நீங்கள் ஒளிக்காமல் எழுதிய வரியே உங்கள் கேள்வியின் மையம் என்று கருதுகிறேன். ஆகவே பணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தரம் 8 பிள்ளைகள் சுவாமி விபுலாநந்தர் பற்றி எழுதிய ஒப்படைகளைத் தமிழ் ஆசிரியை ஒருவர் நூலகத்துக்கு எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். 38 ஒப்படைகள். அவற்றுள் 12, பாடசாலைக்கு அண்மையிலுள்ள கொமினிகேஷன் கடையில் அச்செடுத்தவை. ஒரே படம், ஒரே மூலையில், இணையப் பக்கத்தின் நீல எழுத்துகள்கூட அப்படியே. எஞ்சியவை கையெழுத்தில் இருந்தன. அவற்றுள் ஒன்று என் மனதை விட்டு இன்னும் அகலவில்லை. முத்து முத்தான எழுத்து, தலைப்புகளுக்குச் சிவப்புப் பேனை, அடிமட்டம் வைத்துக் கோடு. ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் பகர அடைப்புக்குள் “[தொகு]” என்று எழுதப்பட்டிருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பகுதியைத் திருத்த விரும்புபவர் அழுத்துவதற்காக உள்ள சொல் அது. அந்தச் சிறுமியை அழைத்து இது என்ன என்று மெதுவாகக் கேட்டேன். “அது தலைப்போட சேர்ந்து இருந்தது ரீச்சர்” என்றாள். மூன்று மணித்தியாலம் இருந்து எழுதினாளாம். அவள் ஏமாற்றவில்லை, உழைத்திருக்கிறாள். ஆனால் அந்தப் பக்கத்தை யார் எழுதினார்கள், அதை யாரும் திருத்தலாம் என்பதன் பொருள் என்ன, தான் எழுதியதில் தனக்கு விளங்கியது எது என்பதையெல்லாம் அவளுக்கு அதுவரை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ஒருவருள் நானும் அடக்கம். வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை அந்த வகுப்புக்கு இருந்தது. அதில் நான் அதுவரை செய்துவந்தது, கதைப் புத்தகம் கொடுத்து அமைதியாக வாசிக்க வைத்தது மட்டுமே.

தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறனான தகவல் எழுத்தறிவு என்ற கருத்து புதியதன்று. அமெரிக்கரான போல் சுர்க்கோவ்ஸ்கி அந்தத் தொடரை 1974 இலேயே பயன்படுத்தினார். பாடசாலைகளில் அதைக் கற்பிப்பதற்கு மைக் ஐசன்பேர்க், பொப் பேர்க்கோவிட்ஸ் என்ற இருவர் வகுத்த ஆறு படிமுறை உலகெங்கும் அறியப்பட்டது. என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்று விளங்கிக்கொள்வது, எங்கெங்கே தேடலாம் என்று எண்ணிப் பார்ப்பது, தேடி எடுப்பது, எடுத்ததை வாசித்துக் குறிப்பெடுப்பது, சொந்தச் சொற்களில் ஒன்றுசேர்ப்பது, செய்ததைத் திரும்பிப் பார்த்து மதிப்பிடுவது என்பனவே அவை. நம் பிள்ளைகள் மூன்றாவது படியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். முதற்படியைத் தாண்டிப் போவதால் வரும் இழப்பே பெரிது என்பது என் கணிப்பு. “விபுலாநந்தர் பற்றி எழுதுக” என்பது கேள்வியே ஆகாது. அதற்கு ஒரு பக்கத்தை அப்படியே பார்த்து எழுதுவதைத் தவிர ஒரு பிள்ளை வேறென்ன செய்யும்?

அந்த ஆசிரியையும் நானும் இருந்து பேசி, அதே ஒப்படையை அதே வகுப்புக்கு மீண்டும் கொடுத்தோம். இந்த முறை கேள்வியை மாற்றினோம்: விபுலாநந்தர் எந்த ஊரில், எந்த மாவட்டத்தில் பிறந்தார்? இரண்டு மூலங்களைக் காட்டி நிறுவுக. இவ்வளவுதான். ஒரு வரியில் முடிந்துவிடும் கேள்வி என்று பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள்.

நூலகத்தின் பட்டியலில் “விபுலானந்தர்” என்று தேடியவர்களுக்கு ஒரு நூலும் கிடைக்கவில்லை. “விபுலாநந்தர்” என்று தேடியவர்களுக்கு மூன்று கிடைத்தன. றன்னகரமா தந்நகரமா என்ற வேறுபாடு ஒரு நூலை மறைத்துவிடும் என்பதைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கண்டார்கள். இன்னும் இரண்டு மாணவர்கள், அவர் துறவு பூணுவதற்கு முன்பு மயில்வாகனம் என்றும், பிரமச்சாரியாக இருந்தபோது பிரபோத சைதன்யர் என்றும் அழைக்கப்பட்டதை ஒரு முன்னுரையில் கண்டுபிடித்து, அந்தப் பெயர்களையும் தேடலாமா என்று கேட்டார்கள். ஒரே மனிதரைத் தேடுவதற்கு நான்கு வாசல்கள் இருப்பதை இவ்வளவு தெளிவாக நான் விரிவுரையால் விளக்கியிருக்க முடியாது.

ஊர் காரைதீவு என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மாவட்டத்தில்தான் வகுப்பு மூன்றாகப் பிரிந்தது. பழைய நூலொன்றை வைத்திருந்தவர்கள் மட்டக்களப்பு என்றார்கள். இணையத்தில் பார்த்தவர்கள் அம்பாறை என்றார்கள். யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு மாணவன், தன் அப்பப்பாவைக் கேட்டுக்கொண்டு வந்து, காரைதீவு யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னான். அப்பப்பா பொய் சொல்லவில்லை. இன்றைய காரைநகர் முன்னாளில் காரைதீவு என்றே அழைக்கப்பட்டது. பழைய நூலும் பிழையானதன்று. அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது, சுவாமிகள் பிறந்ததோ 1892 இல். அன்றைய மாவட்டத்தைச் சொல்வதா இன்றைய மாவட்டத்தைச் சொல்வதா என்பதை எழுதுபவர் தெரிந்தே தீர்மானிக்க வேண்டும். கல்முனைக்கு அருகிலுள்ள காரைதீவைப் படவரைபில் விரல் வைத்துக் காட்டிவிட்டு அந்த மாணவன் தன் பந்தியைத் தானே திருத்தி எழுதினான். ஒரு தகவலுக்கு இடமும் காலமும் உண்டு என்ற பாடம் இரண்டு பாடவேளைகளில் முடிந்தது. “[தொகு]” எழுதிய சிறுமி இந்த முறை அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். அந்த அரைப் பக்கம் முழுவதும் அவளுடையது.

தமிழில் தேடும் பிள்ளைக்கு இன்னொரு தடை இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் எவையும் அதைப் பேசுவதில்லை. நம் பாடநூல்களின் கலைச்சொற்களும் தமிழ்நாட்டின் கலைச்சொற்களும் வேறு. நம் பிள்ளை “ஒளித்தொகுப்பு” என்று படிக்கிறது. இணையத்தில் தமிழ் உள்ளடக்கத்தின் பெரும்பகுதி “ஒளிச்சேர்க்கை” என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒட்சிசன் அங்கே ஆக்சிசன் அல்லது ஆக்ஸிஜன். காபனீரொட்சைட்டு அங்கே கார்பன் டை ஆக்சைடு. பாடநூற் சொல்லை மட்டும் கூகுளில் இட்டுப் பார்த்துவிட்டு “தமிழில் ஒன்றுமே இல்லை” என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. ஆகவே எங்கள் நூலகத்தில் ஒரு பழைய பதிவேட்டை எடுத்து மூன்று நிரல் போட்டு வைத்தோம்: பாடநூற் சொல், தமிழ்நாட்டு வழக்கு, ஆங்கிலச் சொல். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் தொடக்கி வைத்தார்கள். பிறகு பிள்ளைகளே நிரப்பினார்கள். செலவு ஒன்றுமில்லை. உங்கள் பாடசாலையில் வேறெதுவும் செய்ய இயலாவிட்டாலும் இந்தப் பதிவேட்டை மட்டுமாவது தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எண்களையும் இதேபோல நடத்த வேண்டும். இலங்கையின் சனத்தொகை எவ்வளவு என்று கேட்டால் ஒரு பிள்ளை 2 கோடி 3 இலட்சம் என்கிறது, இன்னொன்று 2 கோடி 17 இலட்சம் என்கிறது, மூன்றாவது 2 கோடி 20 இலட்சம் என்கிறது. முதலாவது 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் எண்ணப்பட்டது. துல்லியமாகச் சொன்னால் 20,359,439. இரண்டாவது 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் எண். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கணித்துச் சொல்லப்பட்ட மதிப்பீடு. யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், எண்ணினார்களா கணித்தார்களா என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை சமூகக் கல்வியிலும் கணிதத்திலும் ஒருங்கே முன்னேறுவதை நான் கண்டிருக்கிறேன்.

இனிப் பணம். நீங்கள் நிலையை விவரமாக எழுதாததால் பொதுவாகச் சொல்கிறேன். முதல் வேலை வாங்குவதல்ல, கழிப்பது. நம் பாடசாலை நூலகங்களின் இறாக்கைகளில் பழைய பாடத்திட்டப் பாடநூல்களும், எவரோ வீட்டைத் துப்புரவாக்கும்போது அன்பளிப்பாகத் தந்த ஆண்டறிக்கைகளும் அரைவாசி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உரிய அனுமதி பெற்று அவற்றை நீக்கினாலே பிள்ளைகளுக்குரிய நூல்கள் கண்ணுக்குத் தெரியும். அடுத்து, பூட்டிய கண்ணாடி அலுமாரிகளைத் திறவுங்கள். சீர்காழியிற் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. காணாமற் போய்விடும் என்ற அச்சம் எனக்கு விளங்குகிறது. ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தாலும் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அச்சத்தை அதிபரும் சங்கமும் சேர்ந்து ஏற்றுக்கொண்டாலன்றி எந்த ஆசிரிய நூலகரும் அலுமாரியைத் திறக்கத் துணியமாட்டார். இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதிவைப்பது நல்லது.

வாங்குவதென்றால், நல்ல தமிழ் அகராதி ஒன்றின் ஐந்தாறு பிரதிகள், அண்மைய உலக, இலங்கைப் படவரைபுகள், இயற்கை பற்றிய படங்களோடு கூடிய உசாத்துணை நூல்கள் ஆகியவற்றை வாங்குங்கள். அகராதியைப் பல பிரதிகளாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரம் 7 பிள்ளைகளிற் பலருக்குத் தமிழ் அகரவரிசை கைவராது. “கொ” எங்கே வரும், “கௌ” எங்கே வரும், “ஜ” எங்கே போய் நிற்கும் என்று தடுமாறுகிறார்கள். நூலின் இறுதியிலுள்ள சொற்சுட்டி பார்க்கவும் அகராதி பார்க்கவும் அந்த வரிசைதான் திறவுகோல். ஐந்து குழுவாகப் பிரித்துச் சொல் தேடும் போட்டி வைத்தால் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. 500 இல் விஞ்ஞானம், 894.811 இல் தமிழ் இலக்கியம், 954.93 இல் இலங்கை வரலாறு என்று தங்களுக்கு வேண்டிய நான்கைந்து எண்களைப் பிள்ளைகள் கால் பழக்கத்திலேயே கற்றுக்கொள்வார்கள். கணினி ஒன்று, இணைய இணைப்போடு, வேண்டும், பத்து வேண்டியதில்லை. அந்த ஒன்றிலும் “நூலகம்” என்ற பெயருள்ள எண்ணிம நூலக இணையத்தளத்தைத் திறந்து வைத்துப் பழக்குங்கள். 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட அத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் இதழ்களும் பத்திரிகைகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகம் நாம்; நூல்களைத் தேடிச் சேர்த்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் அத்தகைய முயற்சியை நம் பிள்ளைகள் அறியாமல் வளரக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பில்லை.

இப்போது பெற்றோர். பாடசாலை நூலகத்தின் பணிகளைச் சொல்லும்போது யுனெஸ்கோவும் அனைத்துலக நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் 1999 இல் வெளியிட்ட பிரகடனம், மாணவர், ஆசிரியர், நிருவாகிகள் ஆகியோரோடு பெற்றோரையும் சேர்த்தே சொல்கிறது. நம் நாட்டில் பெற்றோரைச் சேர்ப்பது என்றால் சிரமதானத்துக்கும் நிதிக்கும் அழைப்பது என்றாகிவிட்டது. பெற்றோர் கூட்டம் வைத்து ஒன்றரை மணித்தியாலம் வாசிப்பின் பயனைப் பற்றிப் பேசினால் வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். நானும் அப்படி ஒரு கூட்டத்தை முயன்று நடத்தியிருக்கிறேன். அடுத்த மாதம் எந்த வீட்டிலும் எதுவும் மாறவில்லை. பிறகு பேச்சை விட்டுவிட்டு, ஒரு தாளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினோம். தேடற் குறிப்பு என்று அதற்குப் பெயர். மேற்பாதியைப் பிள்ளை நிரப்ப வேண்டும்: என் கேள்வி என்ன, எங்கே தேடினேன், எங்கே கிடைக்கவில்லை, எதை நம்பினேன், ஏன் நம்பினேன். கீழே பெற்றோருக்கு இரண்டே வரி: பிள்ளை இதை எங்கே எடுத்ததாகச் சொன்னது? நீங்கள் பிள்ளையிடம் கேட்ட ஒரு கேள்வி என்ன? விடையைப் பெற்றோர் எழுதுவதற்கு அதில் இடமே இல்லை.

உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய மிக நேரான விடை இதுதான். நீங்கள் மகளின் பக்கத்தில் இருங்கள். ஆனால் பேனையையும் கைத்தொலைபேசியையும் அவளிடமே விடுங்கள். அவள் தேடத் தொடங்குமுன், உனக்கு இதிலே என்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள். அவள் ஒன்றைக் கண்டுபிடித்ததும், யார் சொன்னது என்று கேளுங்கள். எழுதி முடித்ததும், தாளை மூடிவைத்துவிட்டு எனக்குச் சொல்லிக் காட்டு என்று கேளுங்கள். சொல்ல முடியாத பந்தி அவளுடைய பந்தி அன்று. இதற்கு ஆங்கிலமோ கணினி அறிவோ தேவையில்லை. இரவுச் சமையலுக்கு மரக்கறி நறுக்கிக்கொண்டே செய்யலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் தந்தையர் சிலர் வாட்ஸ்அப் அழைப்பில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு, தாய் அந்த இரண்டு வரிகளை நிரப்பி அனுப்பியதும் உண்டு.

இடையில் பிள்ளை சோர்ந்துபோகும். ஒன்றும் விளங்கவில்லை, நீங்களே எழுதித் தாருங்கள் என்று அழும். அந்த நேரத்தில்தான் தாய்மார் இரக்கப்பட்டுப் பேனையை வாங்கிவிடுகிறார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கரல் குல்தாவு, மாணவர் தேடும்போது அவர்களுடைய உணர்வுகள் எப்படி மாறுகின்றன என்பதை ஆராய்ந்தவர். தேடலின் நடுப்பகுதியில், தகவல் குவிந்து ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும்போது, குழப்பமும் ஐயமும் கூடுவது இயல்பு என்பதை அவர் காட்டினார். கேள்வி கூர்மையாகும்போது அந்தக் குழப்பம் தெளியத் தொடங்கும். ஆகவே மகள் அழும் வேளையில் நீங்கள் செய்ய வேண்டியது கேள்வியைச் சிறிதாக்கிக் கொடுப்பது. ஒப்படை மகாவலித் திட்டம் பற்றியது என்றால், முழுத் திட்டத்தையும் விட்டுவிட்டு, ஒரு நீர்த்தேக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோமா என்று கேட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பங்கு ஒன்றும் உண்டு. வீட்டில் இருப்பவர்களே தகவல் மூலங்கள். துறைமுகத்தில் வேலை செய்பவர், புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர், ஆமர் வீதி இரும்புக் கடைகளில் கணக்கெழுதுபவர், மருத்துவமனைத் தாதி என்று கொழும்புப் பிள்ளைகளின் வீடுகள் ஒவ்வொன்றிலும் நூலில் இல்லாத அறிவு இருக்கிறது. நகரப் போக்குவரத்து பற்றிய ஒப்படை ஒன்றுக்காகக் கிராண்ட்பாஸ் பகுதியைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தன் தாத்தாவைச் செவ்வி கண்டாள். மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடிய ட்ராம் வண்டியில் தான் வேலைக்குப் போனதாகவும், அது 1964 வரை ஓடியதாகவும் அவர் சொன்னார். நூலிலோ கொழும்பில் ட்ராம் 1960 உடன் நின்றுவிட்டதாக இருந்தது. யாரை நம்புவது என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். இன்னும் கொஞ்சம் வாசி என்றேன். 1953 முதல் 1964 வரை கொழும்பில் ட்ரொலி பஸ் ஓடியது, அதுவும் மேற்கம்பியில் மின்சாரம் எடுத்துத் தண்டவாளமின்றி ஓடியது என்று கண்டுபிடித்தாள். வீட்டுக்குப் போய், தாத்தா, நீங்கள் போனதற்குத் தண்டவாளம் இருந்ததா என்று கேட்டாளாம். முதியவர் யோசித்துவிட்டு, இரண்டிலும் போயிருக்கிறேன், கடைசியாகப் போனது ரப்பர்ச் சக்கரத்தில் என்றாராம். ஒரு முதியவரின் நினைவை மதிக்கவும் அதைச் சரிபார்க்கவும் அந்தப் பிள்ளை ஒரே வேளையில் கற்றுக்கொண்டாள். அந்தத் தாத்தாவைப் பிறகு வகுப்புக்கே அழைத்தோம்.

நூலகத்துக்கு வெளியே செல்வதும் பெற்றோர் செய்யக்கூடியது. 1925 முதல் இயங்கும் கொழும்புப் பொது நூலகம் விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது. உங்களுக்கு இன்னும் அண்மையில், வெள்ளவத்தையிலேயே, 1942 இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. ரியூசனுக்குக் கூட்டிச்செல்லும் வழியில் மாதம் ஒரு முறையாவது அங்கே இறங்குங்கள். வேண்டிய நூலை நூலகரிடம் பிள்ளையே வாய் திறந்து கேட்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். வெட்கப்படுகிற பிள்ளைக்கு அதுவே பெரிய பயிற்சி.

வாட்ஸ்அப் செய்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே பாடம் எதிர்த்திசையில், பிள்ளையிடமிருந்து வீட்டுக்கு, போகிறது. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அந்தப் பாணியைப் பற்றிய செய்திகள் அந்த நாட்களில் பல குடும்பக் குழுக்களில் சுற்றின. படித்தவர்களும் அனுப்பினார்கள். யார் சொன்னது, எங்கே சோதித்தார்கள், வேறு யாராவது உறுதிப்படுத்தினார்களா என்று கேட்கும் பழக்கம் ஒப்படையில் தொடங்கியிருந்தால், அந்தக் கேள்வி அம்மாவின் கைத்தொலைபேசி வரை வந்திருக்கும். சட்ஜிபிடி போன்ற செயலிகளுக்கும் இதே அளவுகோல்தான். அவை தரும் விடை வழுவழுப்பாக இருக்கும்; அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது பிள்ளைக்குப் பல வேளைகளில் தெளிவாகத் தெரியாது. சில வேளைகளில் இல்லாத நூலையும் இருப்பதாகச் சொல்லும். தடைசெய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அது சொன்ன ஒரு கூற்றை நூலகத்தில் உள்ள ஒரு நூலைக் கொண்டு சரிபார்த்து வா என்று பணிப்பதே நல்ல ஒப்படை.

இவை எல்லாவற்றுக்கும் பாட ஆசிரியரின் ஒத்துழைப்பு இல்லாமல் முடியாது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அழகான அட்டைக்கும் ஒட்டிய படங்களுக்கும் புள்ளி போடும்வரை கொமினிகேஷன் கடைக்குத்தான் கூட்டம் போகும். தேடற் குறிப்புக்குப் பத்தில் மூன்று புள்ளி கொடுக்கத் தொடங்கிய தவணையிலேயே எங்கள் நூலகத்தில் பாடசாலை விட்டபின் பிள்ளைகள் நிற்கத் தொடங்கினார்கள். ஆசிரியர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. தரம் 10, 11 வகுப்புகளில் இதை முயலச் சொல்லவும் மாட்டேன், பரீட்சை அழுத்தம் அப்படி. தரம் 6 முதல் 8 வரைதான் இதற்குரிய வயது. புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, சாதாரண தரம் இன்னும் தொலைவில் இருக்கும் இந்த மூன்று ஆண்டுகளை வீணாக்கினால் பிறகு இடம் கிடைக்காது.

ஆகவே அடுத்த சங்கக் கூட்டத்தில் நீங்கள் மூன்று கோரிக்கைகளை மட்டும் வையுங்கள். ஒன்று, தரம் 7 இல் ஒரு பாடத்தில், ஒரு தவணைக்கு ஓர் ஒப்படையை மட்டும் பாட ஆசிரியரும் நூலகப் பொறுப்பாளரும் சேர்ந்து தயாரிக்க வேண்டும். அந்த ஒப்படைக்குத் தேடற் குறிப்பு கட்டாயம். இரண்டு, நூலகம் பாடசாலை விட்டபின் வாரத்தில் இரண்டு நாட்களாவது ஒரு மணித்தியாலம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பொறுப்பாளரோடு கூட இருப்பதற்குப் பெற்றோர் முறைவைத்து வருவார்கள் என்று நீங்களே உறுதி கொடுங்கள். வேன் வரும்வரை வாசலில் காத்திருக்கும் தாய்மாரிலிருந்து நான்கு பேர் கிடைப்பது அரிதன்று. மூன்று, ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் வழமையான பேச்சுப் போட்டியோடு, பிள்ளைகளின் தேடற் குறிப்புகளையும் சுவரில் ஒட்டிப் பெற்றோரை அழைத்துக் காட்ட வேண்டும். பிழையாகத் தொடங்கித் திருத்திய குறிப்புகளும் அதில் இருக்கட்டும். பணத்தில் அகராதிகளுக்கும் படவரைபுகளுக்கும் போக மீதியை அப்படியே வைத்திருங்கள். ஒரு தவணை முடியும்போது பிள்ளைகள் தேடிக் கிடைக்காமற் போன தலைப்புகளின் பட்டியல் அந்தக் குறிப்புகளிலேயே இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.